பொதியின் பெயரும் மனிதனின் எண்ணும்

சொற்களும் கப்பலேறிப் போய்த் திரும்பி வருவதுண்டு. கிடங்கு அப்படிப் போய்வந்த சொல். பழந்தமிழில் அதற்கு அகழி, குழி என்று பொருள். பண்டங்கள் கிடக்கும் இடம் என்ற பொருள் பின்னர் அமைந்தது. தமிழ், தெலுங்குக் கரைகளின் வணிகரோடு அது மலாய் நாடுகளுக்குச் சென்று ‘குடாங்’ ஆயிற்று என்றும், அங்கிருந்து ஐரோப்பியர் நாவில் ஏறி உருமாறியது என்றும் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். இன்று நம் கடைத்தெருவில் ‘குடோன்’ என்று வழங்குவது, ஊரை மறந்து திரும்பி வந்த அந்தப் பழைய கிடங்குதான். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கூடங்கள் கிட்டங்கி எனப்பட்டன. ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்கள் அந்த உலகத்தை அறிவார்கள்.

கிடத்தல்தான் இச்சொல்லின் உயிர். பண்டம் கிடக்கும், மனிதன் போய் எடுத்து வருவான். இருபத்தோராம் நூற்றாண்டின் பெருங்கிடங்குகளில் இது தலைகீழாகிவிட்டது. மனிதன் நிற்கிறான், பண்டம் தன் அலமாரியோடு அவனைத் தேடி வருகிறது. இந்த மாற்றத்தை இயந்திரத்தின் வெற்றி என்றே பொதுவாகப் பேசுகிறோம். ஆனால் இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வேறொன்று நிகழ்ந்திருக்க வேண்டும். ஆயிரம் பொதிகளுள் எது யாருக்கு, எது எவ்வூருக்கு என்னும் அறிவு மனிதனின் நினைவிலிருந்து இறங்கிப் பொதியின்மீது ஒட்டப்படும் ஒரு குறிக்குள் போயிருக்க வேண்டும். குறி இல்லாமல் தானியக்கம் இல்லை.

அந்தக் குறியின் வரலாற்றில் இராமநாதபுரம் கடற்கரைக்கு ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு காலத்தில் அது பொதியின்மேல் ஒட்டப்படவில்லை. மனிதரின் கழுத்தில் கட்டப்பட்டது.

*

வைகை கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1980களின் நடுவிலிருந்து பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. ரோமானிய நாணயங்களும், மது நிரப்பி வந்த கூர்ச்சாடிகளின் துண்டுகளும், கப்பல் உருவம் கீறிய ஓடும் கிடைத்தன. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. செங்கடலின் எகிப்தியக் கரையில் குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறையில் கிடைத்த தமிழ் ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் வாசிக்கப்பட்டுள்ளன. கடல்கடந்த கரையிலும் அந்தப் பானைக்கு ஓர் ஆளின் பெயர் இருந்தது.

புகார் நகரத்தைப் பாடும் பட்டினப்பாலை, துறைமுகத்தில் ஏறும் பண்டத்துக்கும் இறங்கும் பண்டத்துக்கும் சோழனின் புலி இலச்சினை இடப்பட்டதைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை இன்னும் நுட்பமானது. உரியவர் தம் பெயரைப் பொறித்து, கண்ணெழுத்து இட்டு, எண்ணிட்டு வைத்த பொதிகள் காவலும் கதவும் இல்லாத வெளியில் கிடந்தனவாம். திருடுபவன் அந்தச் சுமையைக் கழுத்து ஒடியத் தூக்கிக்கொண்டு அந்த வெளியையே சுற்றிச் சுற்றி வருவானாம். உடையவன் பெயர், பொருளின் அடையாளம், எண்ணிக்கை: இன்று ஒரு பார்சலின்மேல் ஒட்டப்படும் சீட்டில் இருப்பவை ஏறத்தாழ இவையே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்தக் குறி நினைவுக்குத் துணையாக இருந்ததேயன்றி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் சேதுபதி மன்னரின் ஆட்சியில் கீழக்கரையில் வாழ்ந்த சீதக்காதி போன்ற கடல்வணிகரின் பண்டகசாலையாகட்டும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இயங்கிய சிறு துறைகளின் அரிசிக் கிடங்குகளாகட்டும், அவற்றின் மையத்தில் இருந்தவர் கணக்கப்பிள்ளை. எந்த மூட்டை எந்த மூலையில், எது ஈரம் பட்டது, எது யாருக்கு வாக்களிக்கப்பட்டது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. மூட்டை தூக்குபவர் பெயரும் அவருக்குத் தெரியும். அந்த அறிவு அதிகாரமாகவும் சில நேரம் சுரண்டலாகவும் இருந்தது. ஆனால் அது ஒரு மனிதருக்கு இன்னொருவரைத் தெரிந்திருந்த அறிவு.

*

இலங்கையின் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் போகத் தொடங்கிய காலத்திலும் முறை இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொண்டி, பாம்பன் முதலிய துறைகளிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் சென்று, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்துக் கூட்டிச் சென்றார். வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழிநெடுக மாண்டவர் ஏராளம். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்குக் கங்காணியின் நினைவைத் தவிர வேறு பேரேடு பெரும்பாலும் இல்லை.

அந்நூற்றாண்டின் இறுதியில் பிளேக் அச்சத்தால் இந்த வடபாதை மூடப்பட்டது. தூத்துக்குடி வழியாக, தட்டப்பாறையில் அமைந்த தடைமுகாமைக் கடந்து கொழும்புக்குப் போகும் பாதை வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. ரயில் துறைமேடை வரை வந்தது; இறங்கியவர் சில அடிகள் நடந்தால் கப்பல். அக்கரையில் இன்னொரு ரயில் காத்திருந்தது. இடையிலிருந்த கடல், ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாறும் இடைவெளியாகச் சுருங்கியது.

இந்த ஓட்டத்தின் வாயிலில் மண்டபம் முகாம் அமைந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர் அங்கே சில நாள்கள் நிறுத்திவைக்கப்பட்டனர். அம்மை குத்தப்பட்டது, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது, நோய் இல்லை என்று உறுதியானதும் தனுஷ்கோடி வண்டியில் ஏற்றப்பட்டனர்.

அவர்களை யார், எந்தத் தோட்டத்துக்கு என்று பிரித்து அனுப்புவது எப்படி? பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தோட்டங்களுக்கோ வாயில் நுழையாத ஸ்காத்லாந்துப் பெயர்கள். இதற்கு விடையாக இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே டின் டிக்கெட் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. அது சிறிய தகர வில்லை. தோட்டம் அமைந்த மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்து, தோட்டத்தின் எண், ஆளுக்குரிய வரிசை எண் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆள் தேவைப்படும் தோட்டம் வில்லைகளைக் கங்காணியிடம் கொடுத்தனுப்பும். சேர்க்கப்பட்டவர் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிவார். வில்லையைக் காட்டினால் ரயில், கப்பல், முகாமில் உணவு எதற்கும் அவர் காசு தர வேண்டியதில்லை. செலவு முழுவதும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் பற்று எழுதப்படும்.

இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தேவை ஓரிடத்தில் எழுகிறது. அது எண்ணாக மாறிப் பொருள் இருக்கும் இடத்துக்குப் போகிறது. எடுக்கப்பட்டதன்மேல் எண் ஒட்டப்படுகிறது. நடுவில் உள்ள நிலையங்களில் யாருக்கும் எதையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண்ணைப் படித்தால் போதும். போக்குவரத்துச் செலவு தானாக உரியவர் கணக்கில் ஏறுகிறது. தரப் பரிசோதனை நடுவழியில் நடக்கிறது. இன்றைய கிடங்கு மேலாண்மையின் பாடநூலில் உள்ள படிகள் அனைத்தும் மண்டபத்து மணலில் இருந்தன. கணினி மட்டும் இல்லை. அதன் வேலையைத் தகரமும் பேரேடும் செய்தன.

அம்முறையை வெறும் கொடுமை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. காட்டுவழியில் செத்து விழுந்தவர்களோடு ஒப்பிட்டால், வில்லை அணிந்தவர் உயிரோடு போய்ச் சேர்ந்தார். வழிதவறிய ஒருவரை அவர் கழுத்து எண்ணைக் கொண்டு அவர் கூட்டத்தோடு சேர்க்க முடிந்தது. முன்பணம் வாங்காமல் பயணம் செய்ய முடிந்தது. தகர வில்லை ஒருவகையில் காப்பு. ஆனால் அது பொதிக்கு உள்ள காப்பு. சேதமின்றிப் போய்ச் சேர்வதைத்தான் அது உறுதிசெய்தது. போக விருப்பமா, அங்கே என்ன கூலி, திரும்ப வழி உண்டா என்னும் கேள்விகளுக்கு அந்த வில்லையில் இடம் இல்லை.

தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டுமானால் துண்டு வேண்டும். இவருடைய கடனைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று எழுதப்பட்ட சீட்டு அது. ஆளோடு கடனும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. சென்னை மாகாணத்தின் சார்பில் மார்ஜோரிபாங்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கை, மலாயாத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1917இல் அறிக்கை அளித்தனர். 1921இல் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. 1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதையே தடைசெய்தது.

மலையகத் தமிழில் ஒரு வழக்கு உண்டு. ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த அளவு கொழுந்து பறித்துவிட்டால் அன்றைக்கு ஒரு பேர். எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. காலையில் பெரட்டுக் களத்தில் பேரேட்டில் பதியப்பட்ட பெயர், மாலையில் தராசின் முன் பாதியாகிவிடும். புகார்த் துறையில் பொதியின்மேல் மனிதனின் பெயர் இருந்தது. அங்கே மனிதனின் பெயரே எடைக்கு உட்பட்ட சரக்காயிற்று. இதைவிடக் கூர்மையாக எந்த ஆய்வாளரும் அந்நிலையைச் சொல்லிவிட முடியாது. அதைச் சொன்னவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளரே.

*

அதே தண்டவாளத்தில் வேறொரு வகை வினியோகமும் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. அதனால் செய்தித்தாள் கட்டுகள், இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து வெளியே எறியப்பட்டன. ஊருக்கு நாளிதழ் வினியோகித்து வந்தவர் சம்சுதீன். கட்டுகளைப் பிடிக்க அவருக்குத் துணையாக இருந்த சிறுவன் அவருடைய உறவினன். பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் தம் முதல் சம்பாத்தியம் அதுவே என்று ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் நினைவுகூர்கிறார்.

ஓடும் வண்டி, பறந்துவரும் கட்டு, பிடிக்கும் கை. எந்தத் தாள் எந்த வீட்டுக்கு என்பது பகிர்ந்துகொடுத்தவருக்குத் தெரியும்; தாளின்மேல் எண் தேவையில்லை. ஊரளவு சிறியதாக இருந்ததால் அது முடிந்தது. பேரளவுக்கு அது போதாது என்பது உண்மைதான். ஆனால் பேரளவு வரும்போது எதை இழக்கிறோம் என்பதை அளக்க இந்தச் சிறு காட்சி ஒரு கோலாக உதவும்.

*

கிடங்குத் தொழிலில் மிகச் சிக்கலான பகுதி அனுப்புதல் அன்று. திரும்பி வருபவற்றை ஏற்றுக்கொள்வதே சிக்கல் என்பார்கள். அனுப்பும்போது இருந்த ஒழுங்கு திரும்பும்போது இருப்பதில்லை.

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்று 1974இல் முடிவாயிற்று. இரண்டு கணக்கப்பிள்ளைகள் இருப்பைப் பிரித்துக்கொள்வது போன்ற கணக்கு. பிரிக்கப்பட்டவர்கள் அந்த மேசையில் இல்லை.

ஒப்பந்தமான இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அலைக்குள் போயிற்று. எந்தத் துறை வழியாகத் தலைமுறைகள் போனார்களோ அந்தத் துறை, அவர்கள் திரும்பும் நேரத்தில் இல்லை. கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. ‘இராமானுஜம்’ கப்பலில் வந்திறங்கியவர்கள், பயண ஆவணங்களையும் குடும்ப அட்டையையும் பிடித்தபடி அதே மண்டபம் முகாமில் வரிசையில் நின்றார்கள். அங்கிருந்து அவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் கடன் உதவித் திட்டங்களுக்கும் பிரித்தனுப்பப்பட்டனர். பாட்டன் கழுத்தில் தகர வில்லை. பேரன் கையில் அட்டை. இரண்டிலும் எண் இருந்தது. ஊர் என்று எழுத வேண்டிய இடத்தில், பலர் கண்ணால் கண்டிராத ஓர் ஊரின் பெயர் இருந்தது.

1980களில் போர் மூண்டபின் கப்பலும் நின்றது. படகில் வந்த ஏதிலியருக்கு மீண்டும் மண்டபம் முகாமே வாயிலாயிற்று. 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பெயர் மாற்றம் சிறியதுதான். ஆயினும் நூறாண்டுகளுக்கு மேலாக மனிதரை எண்ணால் அழைத்துப் பழகிய ஓரிடத்தில், எப்படி அழைப்பது என்று ஓர் அரசு யோசித்தது குறிப்பிடத்தக்கது.

*

இனி இன்றைய கிடங்கு. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் அமர்ந்திருந்த ஜோசப் உட்லண்ட், மார்ஸ் தந்திக் குறியின் புள்ளியையும் கோட்டையும் விரலால் மணலில் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தார். பட்டைக்குறி என்னும் பார்கோடு பிறந்தது. 1952இல் அவரும் பெர்னார்ட் சில்வரும் காப்புரிமை பெற்றனர். 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ஒரு கடையில் முதல் பொருள் அவ்வாறு படிக்கப்பட்டது. நம் நாட்டில் 1972இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. முதல் இலக்கம் மண்டலம், மூன்றாவது வரை பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்று அஞ்சலகம். இராமேசுவரத்துக்கு 623526. தகர வில்லையின் மாவட்ட எழுத்தும் தோட்ட எண்ணும் இதே தர்க்கத்தில் அமைந்தவை.

பெருங்கிடங்கில் ஆர்டர் எடுப்பவரின் நேரத்தில் பெரும்பகுதி நடையிலேயே போகும். அதைப் போக்க, 2003இல் தொடங்கிய கிவா நிறுவனம் அலமாரியின் அடியில் புகுந்து அதைத் தூக்கிவரும் தட்டையான ரோபோவை உருவாக்கியது. தரையில் ஒட்டிய குறிகளைப் படித்து அது வழி காணும். 2012இல் அமேசான் அந்நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2025இல் தன் ரோபோக்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டியதாக அறிவித்தது. 2019இல் பெங்களூருவில் ஃபிளிப்கார்ட்டின் பிரிப்பு மையத்தில் ரோபோக்கள் பார்சலைச் சுமந்து, குறியீட்டைப் படித்து, ஊர்வாரியான குழிகளில் போடத் தொடங்கின.

இத்தகைய கிடங்குகள் பலவற்றில் பண்டங்கள் இனம்பிரித்து அடுக்கப்படுவதில்லை. காலியாக உள்ள இடத்தில் எதையும் வைப்பார்கள். சோப்பின் பக்கத்தில் சிலப்பதிகாரம் இருக்கலாம். எங்கே எது என்பது கணினிக்கு மட்டுமே தெரியும். இருபதாண்டு வேலை செய்தவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் அங்கே அறிவில் வேறுபாடில்லை. கணக்கப்பிள்ளையின் தலையிலிருந்த கிடங்கு முழுவதும் வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. பிறகு எஞ்சுவது வேகம். கையில் உள்ள கருவி எத்தனை நொடியில் எத்தனை எடுத்தார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த இலக்கைத் தொழிலாளிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், உணவு நேரத்தையும் கழிப்பறைக்குச் செல்வதையும் தடுக்கும் இலக்கு கூடாது என்று கலிபோர்னியா ஒரு சட்டமே இயற்றி, அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. அரைப்பேருக்கு எதிரான பழைய வழக்கு வேறு மொழியில் தொடர்கிறது என்றே தோன்றுகிறது.

*

இயந்திரத்தைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமில்லை. 1914இன் பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட வேண்டுமானால், இருபுறமும் தொழிலாளர் நின்று கையால் சுழற்றித்தான் தூக்குப்பகுதியைத் திறந்தனர். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் அப்பகுதி மின்விசையால் செங்குத்தாக மேலெழுகிறது. உப்புக்காற்றில் நெம்புகோலைச் சுழற்றிய தோள்களுக்கு ஓய்வு கிடைத்ததை எண்ணி யாரும் வருந்த வேண்டியதில்லை. மூட்டை தூக்கித் தண்டுவடம் தேய்ந்தவரின் மகன் மூட்டை தூக்காமல் இருப்பதும் நல்லதே.

சுமையைக் கையிலிருந்து எடுப்பது ஒன்று. அறிவையும் பெயரையும் ஆளிடமிருந்து எடுப்பது வேறொன்று. இரண்டும் ஒரே பெயரில், ஒரே கட்டாக வருவதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. மண்டபத்தின் கதை பிரித்துப் பார்க்கக் கற்றுத் தருகிறது. அங்கே சுமையை எடுக்கும் இயந்திரம் ஏதும் வரவில்லை. தோட்டத்தில் கூடை முதுகில்தான் இருந்தது. பெயர் மட்டும் எடுக்கப்பட்டது. தானியக்கத்தின் இரண்டு பாதிகளுள் ஒன்று மட்டும் வந்தால் எப்படி இருக்கும் என்பதை அந்த மக்கள் நூறாண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து காட்டிவிட்டார்கள்.

பானையில் தன் பெயரைக் கீறிய கண்ணனும் சாத்தனும் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. மண்டபம் வழியாகக் கடல் கடந்தவர்களின் வில்லைகளில் ஏதேனும் ஒன்று ஒரு பழைய பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கலாம். அதை எடுத்துப் படித்தால் மாவட்டம் தெரியும், தோட்டம் தெரியும், வரிசை எண் தெரியும்.